பில்லு என் பேர்லதான் இருக்கு, தம்பி!



இந்தப் பகுதியில் பிள்ளைகளின் படிப்பு, கைவைத்தியம், மாமியார் - மருமகள் பிரச்னை என்று எத்தனையோ விஷயங்களை சகோதரிகள் எழுதி, நானும் படித்துப் பலன் அடைந்திருக்கிறேன். நான் எழுதப் போவது லேப்டாப் ரிப்பேர் பற்றி! 'இது நமக்கு எதுக்கு, வீட்டுல ஆம்பளைங்க பாத்துக்குவாங்க' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பதினைந்தாயிரம் ரூபாய் சமாசாரம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஆபீசில் இருக்கும் பொருள். 2011-ல் தமிழக அரசு மாணவ, மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த பிறகு, ஓட்டு வீட்டுக்குள்ளும் லேப்டாப் வந்து விட்டது. 2020 ஊரடங்கில் பிள்ளைகள் வீட்டிலேயே பாடம் படித்தபோது, அரிசி, பருப்பு மாதிரி அதுவும் அத்தியாவசியப் பொருள் ஆகி விட்டது. மிக்சி ஓடவில்லை என்றால் 'கப்ளர் தேய்ஞ்சிருக்கும்', கிரைண்டர் நின்றால் 'பெல்ட் அறுந்திருக்கும்' என்று நாமே சொல்லி விடுகிறோம். லேப்டாப் ஸ்கிரீன் கறுத்துப் போனால் மட்டும் ஏன் கையைப் பிசைந்து கொண்டு நிற்க வேண்டும்?

எங்கள் ஊர் பாளையங்கோட்டை. என் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. மாதம் ஒரு முறைதான் வருவார். வீட்டு வரவு - செலவு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் என் பொறுப்பு. மகள் கம்ப்யூட்டர் சயன்ஸ் கடைசி வருடம் படித்தாள். நான் இரண்டு வருடம் கட்டிய சீட்டை எடுத்து, 2024 ஏப்ரல் 10-ம் தேதி 52 ஆயிரம் ரூபாய்க்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வருட வாரன்டி.

2025 மார்ச் 15, சனிக்கிழமை ராத்திரி ஸ்கிரீன் இரண்டு தடவை மின்னியது. அப்புறம் ஒரேயடியாகக் கறுத்து விட்டது. மகள் அழ ஆரம்பித்து விட்டாள். அந்த மாதம் 24-ம் தேதி புராஜெக்ட் அறிக்கை கொடுக்க வேண்டும். நான்கு மாத உழைப்பு மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. வாரன்டி முடிய 26 நாள்தான் பாக்கி.

மறுநாள் வந்த கொழுந்தனார், ''ஸ்கிரீன் போச்சுன்னா போனதுதான் மைனி. வாரன்டியெல்லாம் சும்மா பேருக்கு. வெளியில குடுத்து மாத்திருங்க'' என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில், எங்கள் தெருவுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பியிடம் தூக்கிக் கொண்டு போனேன்.

அந்தத் தம்பி முதலில் கேட்டது, ''வாரன்டி இருக்காக்கா?'' என்றுதான். இருக்கிறது என்றதும், ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தப் பக்கம் வைத்து விட்டான்.

''நான் கழட்டுனா, நாளைக்குக் கம்பெனிக்காரன் 'வெளியில திறந்திருக்கு'ன்னு கையை விரிச்சிருவான். ஆனா, கழட்டாமலே என்ன கோளாறுன்னு பாக்கலாம். வாங்க, சொல்லித் தாறேன்'' என்றான். அன்றைக்கு அந்தத் தம்பி சொல்லிக் கொடுத்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

படம் எப்படி வருகிறது?

லேப்டாப் ஸ்கிரீனுக்குத் தானாக வெளிச்சம் கிடையாதாம். கண்ணாடி போன்ற பேனலில் படம் உருவாகும். அதற்குப் பின்னால் சின்னச் சின்ன எல்.இ.டி. விளக்குகள் எரிந்து அந்தப் படத்தை நமக்குக் காட்டும். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் விளக்கு வைப்பார்களே, அது மாதிரி. பழைய லேப்டாப்களில் எல்.இ.டி.க்குப் பதில் மெல்லிய டியூப்லைட்டே இருந்ததாம். இப்போது சில மாடல்களில் பின்விளக்கு இல்லாமல் புள்ளிகளே ஒளிரும் ஓலெட் ஸ்கிரீன் வருகிறது.

கீழே கீபோர்டுக்கு அடியில் இருக்கும் போர்டில் இருந்து, மேலே ஸ்கிரீனுக்குப் படத்தையும் கரண்டையும் கொண்டு போவது ஒரு மெல்லிய கேபிள். அது மூடியின் கீல் வழியாகப் போகிறது. நாம் லேப்டாப்பைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது வளைந்து நிமிர்கிறது. இஸ்திரிப் பெட்டியின் ஒயர் எப்போதும் கழுத்துப் பக்கம்தானே முதலில் விட்டுப் போகும்? அதே கதைதான் இங்கேயும்.

ஆக, ஸ்கிரீன் கறுத்தால் பேனல், பின்விளக்கு, கேபிள், போர்டு இவற்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். எடுத்ததும் 'ஸ்கிரீன் மாத்தணும்' என்று யார் சொன்னாலும் தலையாட்டக் கூடாது.

கழற்றாமல் செய்யும் சோதனைகள்

உயிர் இருக்கிறதா?: பவர் பட்டனை அழுத்தி, விளக்கு எரிகிறதா, ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு, 'கேப்ஸ் லாக்' பட்டனைத் தட்டுங்கள். அதில் இருக்கும் சின்ன விளக்கு ஒவ்வொரு தட்டுக்கும் எரிந்து அணைந்தால், உள்ளே கம்ப்யூட்டர் வேலை செய்கிறது, படம்தான் வரவில்லை என்று அர்த்தம்.

கரண்டை வடிய விடுங்கள்: சார்ஜரைக் கழற்றி விட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் சொருகி ஆன் செய்யுங்கள். உள்ளே தங்கி நின்ற மின்சாரம் வடிந்து, சில சமயம் இதிலேயே சரியாகி விடும்.

வெளிச்சமும் காந்தமும்: வெளிச்சத்தைக் கூட்டும் பட்டனை அழுத்திப் பாருங்கள். பிள்ளைகள் கை பட்டு அடியோடு குறைந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. மூடியை மூடினால் லேப்டாப் தூங்கி விடுகிறது அல்லவா? பெரும்பாலானவற்றில் அது காந்த உணர்வியால் நடக்கிறது. காந்தப் பூட்டு வைத்த செல்போன் கவரையோ, காந்தக் கொக்கி போட்ட பிரேஸ்லெட்டையோ கீபோர்டு ஓரத்தில் வைத்தால், மூடி விட்டதாக நினைத்துக் கொண்டு ஸ்கிரீனை அணைத்து விடும்!

டிரைவரை உலுக்குங்கள்: விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் படம் போட்ட பட்டன், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்து 'பி' என்ற எழுத்தை (ஆங்கில வரிசையில் இரண்டாவது எழுத்து) தட்டினால், படம் காட்டும் மென்பொருள் மட்டும் புதிதாக ஆரம்பிக்கும். கோளாறு மென்பொருளில் என்றால் படம் திரும்பி வரும்.

டார்ச் சோதனை: ரூமை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை ஸ்கிரீன் மேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக எழுத்தோ, படமோ தெரிந்தால் பேனல் படத்தை உருவாக்குகிறது, பின்விளக்குதான் எரியவில்லை. விளக்கு கெட்டிருக்கலாம் அல்லது அதற்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம்.

டி.வி. சோதனை: எனக்கு மிகவும் கை கொடுத்தது இதுதான். எச்.டி.எம்.ஐ. ஒயரால் லேப்டாப்பை வீட்டு டி.வி.யில் மாட்டுங்கள். டி.வி.யில் படம் சுத்தமாக வந்தால், படத்தை உருவாக்கும் போர்டு நன்றாக இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் பேனலிலோ, கேபிளிலோதான். டி.வி.யிலும் கோடு கோடாக வந்தால் போர்டிலோ, மென்பொருளிலோ கோளாறு. இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சாய்த்துப் பாருங்கள்: மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாயுங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து, இன்னொரு கோணத்தில் போனால், பெரும்பாலும் கீல் வழியாகப் போகும் கேபிள்தான் காரணம்.

கோடு விழுந்தால்: 'ஸ்கிரீன் ஷாட்' எடுத்து செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். செல்போனில் பார்க்கும்போதும் அதே கோடு இருந்தால், படம் உருவாகும்போதே கெடுகிறது. செல்போனில் சுத்தமாக இருந்தால் பேனல் அல்லது கேபிள் கோளாறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சில கம்பெனிகள் சோதனை வசதியை உள்ளேயே வைத்திருக்கின்றன. உதாரணமாக, டெல் லேப்டாப்களில் 'டி' என்ற எழுத்தைப் பிடித்துக் கொண்டு பவர் பட்டனை அழுத்தினால், ஸ்கிரீன் முழுக்க சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்கள் மாறி மாறி வரும். அதில் கோடும் கறையும் தெரிந்தால் ஸ்கிரீனில்தான் குறை.

சிலந்தி வலை மாதிரி விரிசலும், மை கொட்டியது போன்ற கறையும் இருந்தால் அது அடிபட்ட பேனல். அதை சாதாரண வாரன்டியில் மாற்றித் தர மாட்டார்கள். தனியாகப் பணம் கட்டி, விபத்துப் பாதுகாப்புத் திட்டம் எடுத்திருந்தால்தான் உண்டு. இதையும் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும்.

எங்கள் லேப்டாப்பில் விரிசல் இல்லை. தம்பி கடை டி.வி.யில் படம் பளிச்சென்று வந்தது. மூடியைப் பாதி சாய்த்தால் லேப்டாப்பிலேயே படம் வந்தது, நிமிர்த்தினால் போனது. ''கேபிள்தாங்க்கா. இதை அப்படியே வீடியோ எடுத்து வச்சுக்கோங்க. இன்னைக்கே கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் நம்பர் வாங்கிருங்க'' என்றான். பரிசோதித்ததற்குப் பணம் கொடுத்தேன். வாங்க மறுத்து விட்டான்.

அன்றைக்கே, மார்ச் 17-ம் தேதி, புகார் பதிவு செய்து எண் வாங்கினேன். 'சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாருங்கள்' என்றார்கள். உடனே கொடுக்கவில்லை. வீட்டு டி.வி.யில் ஒயரை மாட்டிக் கொடுத்தேன். மகள் நான்கு நாள் டி.வி.யைப் பார்த்தே புராஜெக்ட் வேலையை முடித்தாள். சீரியல் பார்க்க முடியாத என் மாமியார்கூட, ''பிள்ளை படிப்புதான் முக்கியம்'' என்று பேசாமல் இருந்து விட்டார். எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிய பிறகு, 21-ம் தேதி லேப்டாப்பைக் கொண்டு போய்க் கொடுத்தோம். 24-ம் தேதி அறிக்கையும் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது.

சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது, அங்கிருந்த பெண் 'ஜாப் ஷீட்' எழுதினாள். நான் பக்கத்தில் நின்று, 'ஸ்கிரீனில் விரிசல் இல்லை. மூடியின் மூலையில் மேலாகச் சின்னக் கீறல்' என்று எழுதச் சொல்லி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். அந்தக் கீறல் காலேஜ் பையின் ஜிப் பட்டு விழுந்தது. இருப்பதை இருக்கிறது என்றே எழுதட்டும் என்று நினைத்தேன்.

''வீட்டுல சார் இருக்காங்களா?''

26-ம் தேதி போன் வந்தது. ''மேடம், இது பிசிக்கல் டேமேஜ். வாரன்டியில வராது. ஸ்கிரீன் மாத்த 14 ஆயிரத்து 800 ரூபாய் ஆகும். ஓ.கே.வா?'' என்றது ஒரு குரல். மறுநாள் நேரில் போனேன்.

''எந்த இடத்துல டேமேஜ், தம்பி?''

''மூடியில கீறல் இருக்கே மேடம். கீழ விழுந்திருக்கு.''

''கீறல் வெளியில பிளாஸ்டிக்ல இருக்கு. ஸ்கிரீன்ல விரிசல் இருக்கா?''

''அது இல்ல... உள்ள அடி பட்டிருக்கும்.''

''அடி பட்ட ஸ்கிரீன்னா, சாய்ச்சா எப்படிப் படம் வருது? டி.வி.யில மாட்டுனா நல்லா வருது. இது கேபிள் கோளாறு மாதிரிதானே இருக்கு? திறந்து பாத்தீங்களா?''

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ''மேடம், இது டெக்னிக்கல் விஷயம். உங்களுக்குச் சொன்னாப் புரியாது. வீட்டுல சார் இருந்தா வரச் சொல்லுங்க, பேசிக்கிறோம்'' என்றார்.

சகோதரிகளே, கோபம் தலைக்கு ஏறியது. ஆனால், சத்தம் போட்டால் விஷயம் கெட்டு விடும் என்று அடக்கிக் கொண்டேன். பையில் இருந்து பில்லை எடுத்து மேஜை மேல் வைத்தேன். ''பில்லு என் பேர்லதான் இருக்கு, தம்பி. பணம் கட்டுனதும் நான்தான். பேச வேண்டியதும் என்கிட்டதான்'' என்றேன்.

பிறகு ஒரு பேப்பரில் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். ஒன்று: டேமேஜ் எந்தப் பாகத்தில் இருக்கிறது, போட்டோ எங்கே? இரண்டு: வெளிமூடியில் உள்ள கீறலால், சாய்த்தால் வந்து நிமிர்த்தினால் போகும் கோளாறு எப்படி வரும்? மூன்று: வாரன்டி கிடையாது என்பதைக் காரணத்தோடு, கையெழுத்துப் போட்டு எழுதித் தர முடியுமா? மூன்றாவதைப் படித்ததும் அவர் குரல் இறங்கி விட்டது. ''மேலிடத்துல கேட்டுச் சொல்றோம்'' என்றார். எழுதித் தரவில்லை.

அன்று ராத்திரியே மகளை உட்கார வைத்து, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஈ-மெயில் அனுப்பினேன். புகார் எண், பில், ஜாப் ஷீட், சாய்த்து எடுத்த வீடியோ எல்லாவற்றையும் சேர்த்தோம். ஒரு வாரம் பதிலே இல்லை.

தயாரிப்பில் குறையே வராதா?

'பெரிய கம்பெனி பொருள், அதில் குறை இருக்காது. நாம்தான் எதுவும் பண்ணியிருப்போம்' என்று நம்மை நாமே சந்தேகப்படுவது பலரின் வழக்கம். நடந்ததைக் கேளுங்கள். 2008 ஜூலையில், லேப்டாப்களுக்குப் படம் உருவாக்கும் சிப் தயாரிக்கும் என்விடியா கம்பெனி, தன் பழைய சிப்கள் சில வழக்கத்தை விட அதிகமாகப் பழுதாவதாகத் தானே அறிவித்து, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது.

2016-ல் வந்த 13 அங்குல மேக்புக் புரோ லேப்டாப்களில் ஸ்கிரீனின் அடிப்பக்கம் மேடை விளக்கு போலத் திட்டுத் திட்டாக வெளிச்சம் விழுந்து, பிறகு முழுதும் இருண்டு போயின. திறந்து மூடும்போது கேபிள் தேய்வதே காரணம் என்று ரிப்பேர் நிபுணர்கள் எடுத்துக் காட்டினார்கள். 2019 மே மாதம் ஆப்பிள் நிறுவனமே அவற்றை இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கே குறை வரும்போது, நம் வீட்டு லேப்டாப்புக்கு வராதா? 'பொருளில் குறை' என்று சொல்லக் கூச்சப்படவே வேண்டாம்.

நான்கே எண்கள்

ஏப்ரல் 4-ம் தேதி 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தேன். இது மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி மையம். தமிழிலேயே பேசலாம். பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்து, ஒரு எண் கொடுத்தார்கள். இவர்கள் தீர்ப்பு சொல்லும் கோர்ட் அல்ல. நம் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனால், அதற்கே பல கம்பெனிகள் அசைந்து கொடுக்கும்.

9-ம் தேதி சென்னையில் இருந்து போன் வந்தது. ''திரும்பவும் செக் பண்ணச் சொல்லியிருக்கோம் மேடம்.'' 11-ம் தேதி நான் போனபோது, அதே ஆள் புதிதாக ஒன்று சொன்னார். ''மேடம், நேத்தோட வாரன்டி முடிஞ்சிருச்சே!''

''புகார் குடுத்தது மார்ச் 17. நம்பர் இருக்கு. பொருள் உங்ககிட்ட வந்தது மார்ச் 21. மூணு வாரம் வச்சிருந்தது நீங்க. அதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?'' என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

மதுரையில் இருந்து வந்திருந்த மூத்த இன்ஜினியர் என் கண் முன்னாலேயே திறந்தார். இடது பக்கக் கீலில் கேபிள் நசுங்கி, மேல் உறை நைந்து போயிருந்தது. ''பேனல் நல்லாத்தான் இருக்கு. கேபிள் போடுற இடத்துல சரியா உக்காரல'' என்றார் அவர். நான் அதை போட்டோ எடுத்துக் கொண்டேன். ஏப்ரல் 16-ம் தேதி லேப்டாப் வீட்டுக்கு வந்தது. ஜாப் ஷீட்டில், 'டிஸ்பிளே கேபிள் மாற்றப்பட்டது, வாரன்டியில், கட்டணம் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். 14 ஆயிரத்து 800 ரூபாய் கேட்ட இடத்தில், பத்துப் பைசா கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தபோது விஷயத்தைக் கேட்டு விட்டு, ''நானா இருந்தா பணத்தைக் கட்டிட்டு வந்திருப்பேன்'' என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு!

அப்படியும் மசியாவிட்டால்?

1986-ம் வருட நுகர்வோர் சட்டத்துக்குப் பதிலாக, 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. நமக்கு உபயோகமான விஷயங்கள் அதில் நிறைய இருக்கின்றன. கம்பெனி சென்னையிலோ, பெங்களூரிலோ இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம். பிரச்னை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். 'இ-ஜாக்ரிதி' என்ற அரசு இணையதளம் வழியாக வீட்டில் இருந்தபடியும் தாக்கல் செய்யலாம். எனக்கு அந்த அளவுக்குப் போக வேண்டி வரவில்லை. ஆனால், போக முடியும் என்று தெரிந்திருந்ததால்தான் தைரியமாகப் பேச முடிந்தது.

சகோதரிகளுக்குச் சில யோசனைகள்

* பில்லை வாங்கியதும் செல்போனில் போட்டோ எடுத்து விடுங்கள். பில் காகிதம் நாளாக ஆக வெளுத்துப் போகும். லேப்டாப் அடியில் உள்ள சீரியல் நம்பரையும் எழுதி வையுங்கள். அந்த நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால், வாரன்டி எந்தத் தேதி வரை என்று காட்டும். பில் தேதிக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால், பில்லைக் காட்டி உடனே திருத்தச் சொல்லுங்கள்.

* கோளாறு விட்டு விட்டு வந்தாலும், வரும்போதே வீடியோ எடுத்து விடுங்கள். சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது அது சமத்தாக வேலை செய்து நம் மானத்தை வாங்கும்!

* சின்னக் கோளாறுதானே என்று தள்ளிப் போடாமல், வாரன்டி நாளுக்குள் புகார் எண் வாங்கி விடுங்கள். போனில் சொன்னதை ஈ-மெயிலிலும் அனுப்புங்கள்.

* கொடுக்கும் முன் முக்கியமானவற்றை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் போட்டோக்கள் விஷயத்தில் ரொம்ப கவனம் தேவை. ஸ்கிரீனையோ, கேபிளையோ மாற்ற உங்கள் பாஸ்வேர்டு தேவையில்லை. 'சோதித்துப் பார்க்க வேண்டும்' என்றால், 'நான் வந்து திறந்து காட்டுகிறேன்' என்று சொல்லுங்கள்.

* ஜாப் ஷீட்டில் பொருளின் நிலையை எழுதாமல் கொடுத்து விட்டு வராதீர்கள். திரும்ப வாங்கும்போது, என்ன மாற்றினார்கள், அந்தப் பாகத்துக்கு எத்தனை நாள் வாரன்டி என்பதையும் எழுதி வாங்குங்கள்.

* ஸ்கிரீனில் ஒரு புள்ளி மட்டும் கறுப்பாகவோ, எப்போதும் எரிந்து கொண்டோ இருந்தால், உடனே மாற்றித் தர மாட்டார்கள். எத்தனை புள்ளி இருந்தால் மாற்றுவது என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வாங்கிய அன்றே வெள்ளையும் கறுப்புமான படங்களைப் போட்டுப் பார்த்து, குறை இருந்தால் கடையிலேயே கேட்டு விடுவது நல்லது.

* மூடியை மூலையைப் பிடித்துத் திறக்காமல், நடுவில் பிடித்துத் திறக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கீபோர்டு மேல் பேனாவையோ, இயர்போனையோ வைத்து மூடினால் பேனல் விரிசல் விடும். காமிராவை மறைக்க ஒட்டும் தடித்த மூடிகூட ஆபத்துதான். அதை ஒட்டியபடி மூட வேண்டாம் என்று 2020-ல் ஆப்பிள் நிறுவனம் எச்சரித்தது.

* ஸ்கிரீன் மேல் நேரடியாகத் தண்ணீரோ, கண்ணாடி துடைக்கும் திரவமோ தெளிக்காதீர்கள். அணைத்து விட்டு, மெல்லிய துணியை லேசாக நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும்.

மகள் இப்போது அதே லேப்டாப்பில்தான் வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிக் கொண்டிருக்கிறாள். அது மட்டும் அல்ல. எங்கள் தெருவில் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், குக்கர் என்று எது கெட்டாலும் பில்லை எடுத்துக் கொண்டு என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது, ''வாங்குன தேதி என்ன?'' என்பதைத்தான். பத்துப் பேரில் ஏழு பேருக்கு அது தெரிவதில்லை.

நீங்களும் இன்றைக்கு மத்தியானம் வேலை முடிந்ததும் பீரோவைத் திறந்து, வீட்டில் உள்ள பொருட்களின் பில்களை எடுத்துப் பாருங்கள். எதற்கு வாரன்டி இன்னும் இருக்கிறது, எதற்கு எத்தனை நாள் பாக்கி என்று ஒரு தாளில் எழுதி, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி விடுங்கள். அதற்குக் கீழே, மறக்காமல், 1915 என்றும் எழுதுங்கள்.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை.